வீட்டு சிசிடிவி கேமராவில் விண்கல் மழை பதிவாகுமா?

செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டு மாடியில் ஏற்கெனவே ஒரு புல்லட் கேமராவும் டிவிஆரும் இருக்கின்றன. டிசம்பர் 13, 14 இரவில் வரும் ஜெமினிட் விண்கல் மழையை அதில் பதிவு செய்ய முடியுமா, இல்லை டிஎஸ்எல்ஆர் வாங்கினால்தான் ஆகுமா என்பது கேள்வி. கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினாற்போல, "பதிவு செய்தால் யாருக்காவது பயன்படுமா, இல்லை நாம் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு சரியா" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அழகான படம் வேண்டுமென்றால் ஒரு வழி, அளந்து பார்க்கிற மாதிரி பதிவு வேண்டுமென்றால் வேறு வழி. கேமராவில் செய்ய வேண்டிய ஒவ்வொரு செட்டிங்கும் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

சிசிடிவி பொருத்துவதுதான் என் பிழைப்பு. பத்து வருடமாக இரவில் வானத்தைப் பார்த்தும் கேமரா வைத்திருக்கிறேன். அதனால் கேமரா, லென்ஸ், கேபிள் விஷயங்களை அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியும். வானியல் நான் படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் கேமரா எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, ஆகையால் மெனுப் பெயர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

முதலில் நேரான பதில். உங்கள் கேமராவில் பிரகாசமான எரிநட்சத்திரங்கள் பதிவாகும். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டால் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் கிடைக்கும். டிஎஸ்எல்ஆர் வேண்டாம். அதே பணத்தில் பாதிகூட ஆகாமல், சிசிடிவி வகையிலேயே லென்ஸை மட்டும் மாற்றினால் மங்கலானவையும் விழ ஆரம்பிக்கும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

ஜெமினிட் துகள்கள், அதாவது எரிந்து எரிநட்சத்திரமாகத் தெரியும் விண்வெளித் தூசு, காற்றுக்குள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. நம்மிடமிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் ஒன்று குறுக்கே போனால், ஒரு நொடியில் அது வானத்தில் 20 டிகிரி நகரும். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவுதான். நொடிக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். கேமரா நொடிக்கு 25 பிரேம் எடுக்கிறது, படத்தின் அகலம் 1280 புள்ளிகள் (பிக்சல்), அந்த அகலத்தில் வானத்தின் 88 டிகிரி அடங்குகிறது என்றால், ஒரு பிரேமுக்குள் எரிநட்சத்திரம் பதினோரு, பன்னிரண்டு புள்ளிகளைத் தாண்டிவிடும். அதாவது ஒரு புள்ளியின் மேல் அது நிற்பது ஏறக்குறைய 1/300 நொடி மட்டுமே. ஷட்டரை நீங்கள் பத்து நொடி திறந்து வைத்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது அதே 1/300 நொடி வெளிச்சம்தான். மீதி நேரம் முழுக்க வானத்தின் பின்னணி வெளிச்சமும் இரைச்சலும்தான் (சென்சார் தானாக உண்டாக்கும் பொய்ப் புள்ளிகள்) சேர்கின்றன. நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்பதால் ஷட்டரைத் திறக்கத் திறக்கப் பளிச்சென்று வரும். எரிநட்சத்திரம் அப்படி வராது. அதற்கு உதவுவது லென்ஸின் வாயும் சென்சாரின் கூர்மையும் மட்டும்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு இரவை முழுசாக இழந்த பிறகு. ஆரம்பத்தில் ஒரு ஜெமினிட் இரவில் என் கேமராவில் சென்ஸ்-அப் என்ற வசதியை 16 மடங்கில் வைத்திருந்தேன். இருட்டில் படம் பிரகாசமாகத் தெரிவதற்காக அது பதினாறு பிரேமை ஒன்றாகக் கூட்டித் தரும். மானிட்டரில் மிருகசீரிடமும் திருவாதிரையும் அவ்வளவு அழகாகத் தெரிந்தன, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காலையில் ஓடவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு எரிநட்சத்திரமும் அசைவே இல்லாத ஒரு கோடாக அரை நொடிக்கு மேல் திரையில் நின்றுவிட்டு மறைகிறது. எந்த முனையிலிருந்து வந்தது, எந்த வேகத்தில் போனது என்று எதுவும் சொல்ல முடியவில்லை. மங்கலானவை ஒன்றுகூட இல்லை, பின்னணி வெளிச்சத்தில் கரைந்துவிட்டன. படம் நன்றாக இருந்தது, பதிவு வீண். அன்றிலிருந்து புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மானிட்டரில் வானம் கறுப்பாகவும் கொஞ்சம் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தால் பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே மெனுவில் செய்ய வேண்டியவை. ஷட்டரை 1/25 என்று நிலையாக வையுங்கள். சென்ஸ்-அப், ஸ்லோ ஷட்டர், டிஎஸ்எஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணையுங்கள். டிஎன்ஆர், அதாவது இரைச்சலைக் குறைக்கும் வசதி, முக்கியமாக 3டி டிஎன்ஆர், முன் பின் பிரேம்களைக் கலந்து பார்த்து எது நிலையாக இல்லையோ அதை இரைச்சல் என்று துடைத்துவிடும். மங்கலான எரிநட்சத்திரம் அதன் கண்ணுக்கு இரைச்சல்தான், அதனால் அதுவும் வேண்டாம். கெயினை, அதாவது சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை, மேலே வையுங்கள். டிவிஆரின் மோஷன் டிடெக்‌ஷனை நம்ப வேண்டாம், அது ஆள் நடமாட்டத்துக்குச் செய்தது. தொடர்ந்து பதிவாக விடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 18 ஜிபி ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய விஷயமில்லை. பிட்ரேட்டைக் கஞ்சத்தனமாக வைத்தால் எச்.264 சுருக்கும்போதே மெல்லிய கோடுகளை மழுப்பிவிடும்.

அப்புறம் ஐஆர் எல்இடி, அதாவது இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவே வீசும் அகச்சிவப்பு விளக்கு. கேமரா நைட் மோடுக்குப் போகும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். சென்சாருக்கு முன்னாலிருக்கும் ஐஆர் கட் ஃபில்டர் விலகும் சத்தம் அது. அது விலகுவது நமக்கு நல்லது. வேகமாக வரும் விண்கற்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை 777 நானோமீட்டரில் ஒளிர வைக்கின்றன. கண்ணுக்கு அநேகமாக எட்டாத அந்த வெளிச்சமும் சென்சாருக்குக் கிடைக்கும். ஆனால் எல்இடி எரியக் கூடாது. அது பூச்சிகளை இழுக்கும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வலை கட்டும், வலையில் ஒட்டிய ஒவ்வொரு பனித்துளியும் திரையில் வெள்ளைக் கம்பியாகத் தெரியும். மெனுவில் கறுப்பு வெள்ளை என்று நிலையாக வைத்துவிட்டு எல்இடியை மட்டும் அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எல்இடி போர்டின் கனெக்டரைக் கழற்றலாம். ஆனால் வெளிச்சத்தை உணரும் சின்னக் கண் அதே போர்டில் இருக்கிற மாடல்களில் அதைக் கழற்றினால் கேமரா நைட் மோடுக்கே போகாது. அங்கே எல்இடிகளின் மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டுவதுதான் வழி.

லென்ஸுக்கு வருவோம். வீட்டு கேமராவில் பெரும்பாலும் எஃப் 2.0 லென்ஸ் இருக்கும். இந்த எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது. விண்கல் பதிவு செய்கிறவர்கள் எஃப் 0.95 லென்ஸ் போடுகிறார்கள். எண்ணில் வித்தியாசம் சின்னது, உள்ளே விழும் வெளிச்சம் நான்கு மடங்குக்கு மேல். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கில் அது ஒன்றரைக்கும் கொஞ்சம் அதிகம். மங்கலான எரிநட்சத்திரங்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அந்த ஒன்றரையில் பதிவாகும் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். உலகம் முழுக்க அமெச்சூர்கள் சேர்ந்து நடத்தும் குளோபல் மீட்டியோர் நெட்வொர்க்கில், சோனியின் ஐஎம்எக்ஸ் 291 அல்லது 307 சென்சார் உள்ள சாதாரண ஐபி கேமரா போர்டு, 3.6 மில்லிமீட்டர் எஃப் 0.95 லென்ஸ், ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, இவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறை வாடெக் 902எச் என்ற கறுப்பு வெள்ளை கேமராவை நம்பியிருந்தது. 2010இல் கலிபோர்னியாவில் விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கன்ஸ் தொடங்கிய கேம்ஸ் என்ற விண்கல் பதிவுத் திட்டத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் அப்படி இருபது கேமராக்கள் இருந்தன. இப்போது அதற்கு நிகரான வேலையை நம் கடையில் கிடைக்கும் சென்சாரே செய்கிறது என்பதைப் பார்க்கும்போது, இந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிசம்பரில் கார்த்திகை நட்சத்திரத்தைவிட நல்ல கருவி கிடையாது. முன்னிரவிலேயே உயரத்தில் இருக்கும். திரையில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மங்கல் பொட்டாகத் தெரிந்தால் லென்ஸை மயிரிழை திருப்ப வேண்டும். தனித்தனிப் புள்ளிகளாக நான்கைந்து பிரிந்தால் போதும். பகலில் தூரத்து மலையையோ டவரையோ பார்த்து வைத்த ஃபோகஸ் இரவுக்கு ஒத்துவராது. ஐஆர் ஃபில்டர் விலகியதும் ஃபோகஸ் மாறும், அதனால் இரவில்தான் வைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஜெமினிட்கள் மிதுன ராசியில், நாம் புனர்பூசம் என்று சொல்லும் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து புறப்படுவது போலத் தெரியும். உங்கள் ஊரில் அந்த இடம் இரவு ஏழரை மணி வாக்கில் வடகிழக்கில் எழும்பி, இரண்டு மணி வாக்கில் வடக்கே கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்துக்கு வரும். அதனால் கேமராவை நேராகப் புனர்பூசத்தின் மேல் வைக்கலாமே என்று தோன்றும். அங்கே கோடுகள் குட்டையாக இருக்கும், சில நம்மை நோக்கியே வந்து ஒரு புள்ளியாக மின்னி அணைந்துவிடும். ஆனால் மெதுவாக நகர்வதால் மங்கலானவைகூடப் பதிவாகும். அங்கிருந்து 90 டிகிரி தள்ளினால் கோடு நீளும், வேகமும் ஏறும், மங்கலானவை தப்பிவிடும். 30 முதல் 60 டிகிரி தள்ளி வைப்பது நடுவாந்திரமான ஏற்பாடு. உங்களுக்கு வடக்கே ஜவ்வாது மலை, அந்தப் பக்கம் ஊர் வெளிச்சமும் குறைவு. ஒரே கேமரா என்றால் வடக்கே, 45 டிகிரி உயரத்தில் வையுங்கள். காவலூர் வானாய்வகத்தை அந்த மலையில் கட்டியதற்கு அங்கிருந்த இருட்டும் ஒரு காரணம். உங்கள் ஊருக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்பதை நகரத்தில் இருப்பவனாகச் சொல்கிறேன்.

பனியை மறந்துவிடாதீர்கள். மார்கழி நெருங்கும்போது இரண்டு மணிக்கு மேல் கண்ணாடி வேர்த்துவிடும், உச்சமும் அதே நேரம்தான். லென்ஸைச் சுற்றி ஒரு சின்ன பிவிசி குழாயைக் குடை மாதிரி நீட்டி விடுவதும், ஹவுசிங்குக்குள் ஒன்றிரண்டு வாட் ரெசிஸ்டரை 12 வோல்ட்டில் வெதுவெதுப்பாக வைப்பதும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு கேமராவால் உறுதியாகச் சொல்ல முடிவது: எத்தனை மணிக்கு, வானத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை பிரேமில். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசம் பக்கம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்து, அது ஜெமினிட்டா, அந்த மழையைச் சேராத வழிப்போக்கனா என்று ஓரளவு பிரிக்கலாம். உயரம், தூரம், உண்மையான வேகம், இவை ஒரு கேமராவால் முடியாது. அதற்கு இரண்டாவது கேமரா வேண்டும், அதுவும் பல கிலோமீட்டர் தள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தால் தூரம் பிடிபடாது இல்லையா, அதே கதை.

வேலூரில் உங்கள் நண்பர் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். செங்கத்திலிருந்து வேலூர் நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். இதைவிட வசதியான தூரம் கேட்டாலும் கிடைக்காது. ஆனால் இருவரும் அவரவருக்குத் தோன்றிய பக்கம் வைத்தால் பயனில்லை, ஒரே இடத்து வானத்தைப் பார்க்க வேண்டும். நான் போட்ட கணக்கு இது. கிருஷ்ணகிரிக்கு நேர் மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேற்கு வடமேற்கே 55 டிகிரி உயரத்துக்குத் திருப்ப வேண்டும், அவர் மேற்கு தென்மேற்கே 42 டிகிரிக்கு. இரண்டு பார்வைக்கோடுகளும் அங்கே 30 டிகிரி வாக்கில் வெட்டிக்கொள்ளும், பாதையைத் துல்லியமாகக் கணக்கிட அது போதும். மேற்கு பார்த்து வைப்பதால் மாலை வெயில் நேராக லென்ஸில் விழும், பகலில் மூடி போட்டு வையுங்கள்.

இரண்டு கேமரா சேர்ந்ததும் நேரம் பெரிய விஷயமாகிவிடுகிறது. டிவிஆர் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடவிட்டால் மாதத்தில் நிமிடக் கணக்கில் பிசகும், எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன். இன்டர்நெட் நேரத்தோடு, அதாவது என்டிபியோடு, இணைத்துவிடுங்கள். ஒரு நொடி முன்பின் இருந்தால் விண்கல் போன கோடு பெரிதாக மாறாது. ஒரு நிமிடம் தவறினால் பூமி அதற்குள் கால் டிகிரி திரும்பியிருக்கும், எந்தக் கோட்டுக்கு எந்தக் கோடு ஜோடி என்பதும் குழம்பும். இதைவிட மோசமானது பிரேம் தவறுவது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பத்து பிரேம் நீடித்த ஒரு ஜெமினிட்டில் நெட்வொர்க் நெரிசலால் ஒரு பிரேம் காணாமல் போய், மென்பொருள் அதை அறியாமல் கணக்குப் போட்டால், 35 கிலோமீட்டர் வேகம் 39 பக்கம் போய்விடும். சூரியனை ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை சுற்றிய துகள் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதாகக் கணக்கு காட்டும். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

பதிவில் தேடும் வேலைக்கு மென்பொருள் உண்டு. விண்டோஸுக்கு ஜப்பானின் சோனோடாகோ எழுதிய யூஎஃப்ஓ கேப்சர் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் ஓடும் ஆர்எம்எஸ் இலவசம். அதிலுள்ள ஒரு யுக்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 256 பிரேமை, அதாவது பத்து நொடிச் சொச்சத்தை ஒரு கட்டாக எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கே எண்களை வைத்துக்கொள்கிறது: அதிகபட்ச வெளிச்சம் எவ்வளவு, அது எத்தனையாவது பிரேமில் வந்தது, சராசரி என்ன, ஏற்ற இறக்கம் எவ்வளவு. 256 படங்கள் நான்கு படங்களாகச் சுருங்கிவிடுகின்றன, ஆனாலும் எரிநட்சத்திரம் எந்தப் புள்ளியை எப்போது தாண்டியது என்பது அதற்குள் பத்திரமாக இருக்கிறது. விமானம், செயற்கைக்கோள், வௌவால், மின்மினி எல்லாம் சேர்ந்துதான் வரும். வேகத்தையும் எத்தனை பிரேம் நீடித்தது என்பதையும் வைத்துப் பெரும்பாலானவற்றை அதுவே கழித்துவிடும், மீதியை நீங்கள் காலையில் டீயோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

உறுதியில்லாததையும் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் மணிக்கு 120, 150 எரிநட்சத்திரங்கள் என்று போடுகிறார்கள். அது புனர்பூசம் உச்சிக்கு நேர் மேலே இருந்து, வானம் மிகத் தெளிவாக இருந்து, ஒருவர் முழு வானத்தையும் பார்த்தால் என்ற கணக்கு. உங்கள் கேமரா பார்ப்பது வானத்தில் ஒரு பகுதியை மட்டும், ஆகையால் உங்கள் எண்ணிக்கையிலிருந்து அந்த எண்ணுக்குப் போவது சுலபமில்லை, ஒரு கேமரா ஒரு இரவை வைத்து அதைச் செய்யவும் கூடாது. பிரகாசத்தை அளப்பதும் அப்படித்தான். சென்சார் நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு வெளிச்சம் என்பது ஊகம். முன்கணிப்புகளும் தவறும். 2022 மே மாதக் கடைசியில் டௌ ஹெர்குலிட் என்ற இன்னொரு விண்கல் மழை பெரும்புயலாக வரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. வந்தது நிஜம், புயலாக வரவில்லை. ஜெமினிட்களின் தாயான 3200 ஃபேத்தானே இன்னும் புதிர்தான். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டுபிடித்த அது வால் நட்சத்திரம் மாதிரி இல்லை, பாறைச் சிறுகோள். பாறையிலிருந்து இவ்வளவு தூசு எப்படி வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.

அப்படியானால் பயன்? உண்டு. விண்கல் மழையின் உச்சம் நமக்கு இரவாக இருக்கும் நேரத்தில் வந்தால் ஐரோப்பாவுக்கு அது பகலாகவோ மாலையாகவோ முன்னிரவாகவோ இருக்கும், அமெரிக்காவில் பெரும்பாலும் பகல். ஜனவரி 3, 4இல் வரும் குவாட்ரான்டிட் போன்றவற்றில் உச்சமே சில மணி நேரம்தான். அந்த நேரத்தை நம் தீர்க்கரேகையில் யாரும் பதிவு செய்யாவிட்டால் அது போனது போனதுதான். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தில் வின்ச்கூம் ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்த கல்லை மறுநாளே பொறுக்க முடிந்தது. விண்வெளியில் அது வந்த பாதையைக் கணக்கிட அமெச்சூர்களின் கேமராக்களும் உதவின. அன்று அந்தக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான சாதாரண இரவுகளிலும் அவை ஓடிக்கொண்டிருந்ததுதான்.

மழையைப் பற்றி ஒன்று. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவில் முடிந்திருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. நிலவும் உண்டு. 2024இல் திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றிய டிசம்பர் 13 இரவும் ஜெமினிட் உச்சமும் ஒன்றாக வந்தன. பௌர்ணமி நெருங்கிய நிலா வெளிச்சத்தில் மங்கலானவை எல்லாம் போயின. அதனால் அந்த ஒரு இரவை மட்டும் நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள். மே 5, 6 வாக்கில் ஹாலி வால் நட்சத்திரத்தின் தூசு, ஈட்டா அக்வாரிட் என்று, விடிகாலை இரண்டு மணிக்கு மேல் கிழக்கே வரும். நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பியர்களுக்கு அது சரியாக வாய்ப்பதில்லை, நம் அட்சரேகைக்கு நன்றாக வாய்க்கும், வானமும் பெரும்பாலும் திறந்திருக்கும்.

இப்போதைக்கு, நவம்பரில் மழை விடும் ஒரு இரவில் செட்டிங்குகளை மாற்றிவிட்டு கார்த்திகையை ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். அந்த வீடியோவையும், கேமராவின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தையும் இங்கேயே போடுங்கள். சென்சார் எது, லென்ஸ் மாற்ற முடிகிற வகையா என்று பார்த்துச் சொல்கிறேன். வேலூர் நண்பரின் மாடியில் மேற்கே மரமோ டவரோ மறைக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.